விலங்குகளின் உடலமைப்பை ஒப்பிடுவது எப்படி? கடற்பஞ்சு முதல் கோழி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்பு விலங்கியலில் மண்புழு, கரப்பான் பூச்சி, தவளை ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் படிக்கிறோம். மண்புழுவுக்கு எத்தனை கண்டங்கள் (வளையப் பகுதிகள்), கரப்பானின் இதயத்தில் எத்தனை அறைகள், தவளைக்கு எத்தனை என்று எண்களாகவே அவை மனதில் ஏறுகின்றன. தேர்வு முடிந்த மாதமே மறந்தும் போகின்றன. கரப்பானின் இதயத்துக்கு ஏன் பதின்மூன்று அறைகள், அவ்வளவு அறைகள் இருந்தும் அதன் ரத்தம் ஏன் ஆக்சிஜனைச் சுமப்பதில்லை என்று யாரும் கேட்பதில்லை.

விலங்கு விலங்காகப் படிப்பதை விட்டுவிட்டு, கேள்வி கேள்வியாகப் படித்தால் இதெல்லாம் தானாகப் புரியும். ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, கடற்பஞ்சிலிருந்து கோழி வரை எல்லாவற்றிடமும் அதையே கேட்க வேண்டும். ஒவ்வொரு உறுப்பும் ஏதோ ஒரு சிக்கலுக்கு விடை. அந்தச் சிக்கலில் பெரும்பாலானது உடல் பெரிதானதால் வந்தது, மிச்சம் வாழும் இடத்தால் வந்தது. சிக்கலைப் பிடித்துவிட்டால் உறுப்பை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

படி 1: எதை எதோடு ஒப்பிடுவது?

விலங்குலகில் முப்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகள், அதாவது பெரும் பிரிவுகள் உண்டு. அத்தனையும் வேண்டாம், ஒன்பது போதும்: துளையுடலிகள் (கடற்பஞ்சு), குழியுடலிகள் (ஜெல்லி மீன், பவளம்), தட்டைப்புழுக்கள் (பிளனேரியா, நாடாப்புழு), உருளைப்புழுக்கள், வளைதசைப்புழுக்கள் (மண்புழு, அட்டை), கணுக்காலிகள் (கரப்பான், இறால், சிலந்தி), மெல்லுடலிகள் (நத்தை, கணவாய்), முட்தோலிகள் (நட்சத்திர மீன், கடல் அட்டை), முதுகுநாணிகள் (மீன் முதல் மனிதர் வரை).

இதற்காக எந்த விலங்கையும் கொல்ல வேண்டாம். சந்தையிலிருந்து சமையலுக்கு வாங்கும் முழு இறால், ஊசிக் கணவாய், மீன், உரித்த கோழி ஆகியவற்றிலேயே பாதிப் பாடம் இருக்கிறது. மழைக்கு வெளியே வரும் மண்புழுவை ஈரமான தட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மண்ணில் விடலாம். மற்றவற்றுக்குப் படங்களும் காணொளிகளும் போதும்.

நோட்டில் ஒரு பெரிய கட்டம் போடுங்கள். மேலே குறுக்கே விலங்குகள், இடப்பக்கம் கீழ்நோக்கிக் கேள்விகள். ஒரே ஒரு விதி: ஓர் உறுப்பு இல்லை என்றால் ‘இல்லை’ என்று மட்டும் எழுதி நிறுத்தக் கூடாது. அது இல்லாமல் அந்த விலங்கு எப்படிச் சமாளிக்கிறது என்பதையும் எழுத வேண்டும். இந்தக் கட்டத்தில் அதிகம் கற்றுக்கொடுப்பவை அந்த ‘இல்லை’கள்தான்.

படி 2: முன்புறம் எது?

முதல் கேள்வி சமச்சீர். ஜெல்லி மீனை எந்தப் பக்கமிருந்து வெட்டினாலும் மையம் வழியாக வெட்டினால் இரண்டு சம பாதிகள் வரும். இது ஆரச் சமச்சீர். மிதந்துகொண்டோ ஒட்டிக்கொண்டோ வாழும் உயிரிக்கு உணவும் ஆபத்தும் எல்லாத் திசையிலிருந்தும் வரும், அதனால் அதற்கு முன்புறம் என்று ஒன்று தேவைப்படவில்லை. ஒரு திசையில் நகர ஆரம்பித்தால் கதை மாறுகிறது. முதலில் போய் மோதும் பக்கத்தில் வாயும் கண்ணும் உணர்கொம்பும் நரம்புத் திரளும் சேர்கின்றன. தலை அப்படித்தான் வந்தது. பிளனேரியாவில் தொடங்கி நாம் வரை, இடமும் வலமும் ஒத்த இருபக்கச் சமச்சீர்தான்.

கடற்பஞ்சுக்கு ஒழுங்கான சமச்சீர் பெரும்பாலும் இல்லை. நட்சத்திர மீனைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அதைக் கடைசிப் படிக்கு ஒதுக்கி வையுங்கள்.

படி 3: எத்தனை அடுக்கு, உள்ளே இடம் உண்டா?

கருவில் உருவாகும் செல் அடுக்குகளை எண்ணுங்கள். குழியுடலிகளுக்கு இரண்டு: புற அடுக்கு, அக அடுக்கு. இடையில் ஜெல்லி போன்ற பொருள். இருபக்கச் சமச்சீர் விலங்குகளுக்கு மூன்று. இந்த மூன்றாவது, அதாவது நடு அடுக்கிலிருந்துதான் தசை, ரத்தம், எலும்பு, சிறுநீரகம் எல்லாம் வருகின்றன. அது இல்லாத ஜெல்லி மீனிடம் சிறுநீரகத்தைத் தேடிப் பயனில்லை.

அடுத்து, குடலுக்கும் உடல் சுவருக்கும் நடுவே இடம் இருக்கிறதா என்று பாருங்கள். தட்டைப்புழுவில் இல்லை, எல்லாம் செல்களால் அடைந்திருக்கும். உருளைப்புழுவில் திரவம் நிறைந்த பொய் உடற்குழி உண்டு. மண்புழு முதல் நாம் வரை நடு அடுக்கு சுற்றிலும் போர்த்திய உண்மை உடற்குழி உண்டு. கணுக்காலிகளில் அது சுருங்கிப்போய், ரத்தம் நிரம்பிய குழி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ஒரு வெற்றிடத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று தோன்றலாம். இடம் இருப்பதால்தான் உடல் அசையாமல் இருக்கும்போதும் குடல் தன்பாட்டுக்கு அசைய முடிகிறது, இதயம் துடிக்க முடிகிறது. எலும்பே இல்லாத மண்புழுவுக்கு அந்தக் குழியிலுள்ள திரவம்தான் எலும்புக்கூடு. தட்டில் வைத்துப் பார்த்தால் தெரியும்: வளையத் தசை சுருங்கும்போது புழு மெலிந்து நீள்கிறது, நீளவாட்டுத் தசை சுருங்கும்போது குட்டையாகித் தடிக்கிறது. அடிப்பக்கத்து நுண்முட்கள் தரையைப் பற்றிக்கொள்ள, அது முன்னே போகிறது. உருளைப்புழுவுக்கு நீளவாட்டுத் தசை மட்டுமே உண்டு. அதனால் அது மெலியவோ தடிக்கவோ முடியாமல் சாட்டை போல இங்கும் அங்கும் வளைந்து துள்ளுகிறது.

படி 4: குடலுக்கு எத்தனை வாசல்?

கடற்பஞ்சுக்குக் குடலே இல்லை. உடலெங்கும் உள்ள துளைகள் வழியாக நீரை உள்ளிழுத்து, கழுத்துப்பட்டைச் செல்கள் ஒவ்வொன்றும் தன் பங்கைப் பிடித்துத் தின்கிறது. ஜெல்லி மீனுக்கும் பிளனேரியாவுக்கும் ஒரே வாசல், உணவு போவதும் கழிவு வருவதும் அதே வழியில். பிளனேரியாவின் குடல் உடல் முழுக்கக் கிளைவிட்டிருக்கும். அதற்கு ரத்தம் இல்லாததால், உணவைக் குடலே நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். உருளைப்புழுவிலிருந்து வாய், ஆசனவாய் என்று இரண்டு வாசல். முந்திய வேளை உணவு செரித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த வேளை உண்ண முடிவது அப்புறம்தான்.

நாடாப்புழுவுக்கும் குடல் இல்லை. ஆனால் அது கடற்பஞ்சைப் போல ஆரம்பத்திலிருந்தே இல்லாதது அல்ல, குடலுள்ள மூதாதையரின் வழியில் வந்து அதை இழந்தது. அடுத்தவர் குடலில் செரித்த உணவில் மிதப்பதால் தோல் வழியே உறிஞ்சிக்கொள்கிறது. ஒருபோதும் இல்லாததையும் இருந்து இழந்ததையும் கட்டத்தில் வேறு வேறு நிறத்தில் குறியுங்கள்.

படி 5: உள்ளே இருக்கும் கடைசிச் செல்லுக்கு ஆக்சிஜன் எப்படிப் போகிறது?

எனக்கு ஒரே ஒரு கேள்விதான் அனுமதி என்றால் இதைத்தான் கேட்பேன். கொஞ்சம் கணக்குப் போடுங்கள். 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர செ.மீ., கொள்ளளவு 1 கன செ.மீ. பக்கத்தை 10 செ.மீ. ஆக்கினால் மேற்பரப்பு 600, கொள்ளளவு 1000. தோல் 100 மடங்கு கூடியது, ஊட்ட வேண்டிய உடலோ 1000 மடங்கு கூடிவிட்டது. அதோடு, ஆக்சிஜன் தானாகப் பரவ ஆகும் நேரம் தூரத்தின் இருமடியாக ஏறும்: பத்து மடங்கு தூரத்துக்கு நூறு மடங்கு நேரம். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தாண்டினால் பரவலை மட்டும் நம்பிச் சுறுசுறுப்பாக வாழ முடியாது.

இதற்கு விலங்குகள் கண்ட விடைகளை வரிசையாகப் பாருங்கள்.

மெல்லியதாகவே இருந்துவிடுவது ஒரு வழி. ஆய்வகங்களில் பிரபலமான சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற உருளைப்புழு 1 மி.மீ. நீளம்தான். வளர்ந்த இருபாலுயிரியின் உடலில் 959 செல்கள், அவற்றில் 302 நரம்புச் செல்கள். ரத்தமும் இல்லை, செவுளும் இல்லை, தேவையும் இல்லை. நாடாப்புழு பல மீட்டர் நீளம் வளர்ந்தாலும் தடிமனில் ஏறுவதில்லை. ஜெல்லி மீன் பெரிதாகத் தெரிந்தாலும் உயிருள்ள செல்கள் மெல்லிய உறையாக மட்டுமே இருக்கின்றன, நடுவில் இருப்பது பெரும்பாலும் நீர்.

தோலில் வாங்கி ரத்தத்தில் அனுப்புவது இன்னொரு வழி. மண்புழு அப்படித்தான். அதன் ரத்தம் சிவப்பு, ஆனால் ஹீமோகுளோபின் செல்லுக்குள் இல்லை, பிளாஸ்மாவில் கரைந்திருக்கிறது. தோல் காய்ந்தால் மூச்சு நின்றுவிடும் என்பதால் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும்.

பூச்சிகளின் விடை முற்றிலும் வேறு. கரப்பானின் பக்கவாட்டில் பத்து ஜோடி சுவாசத்துளைகள் உண்டு. அங்கிருந்து மூச்சுக்குழல்கள் கிளைவிட்டு நேராகச் செல் வரை காற்றைக் கொண்டுபோகின்றன. ஆக்சிஜனைச் சுமக்கும் வேலை ரத்தத்துக்கு இல்லை, அதனால் அதில் நிறமியும் இல்லை. உணவையும் கழிவையும் மட்டும் மெதுவாகச் சுழற்றினால் போதும். ஆகவே ரத்தம் குழாய்களை விட்டு வெளியே வந்து உறுப்புகளை நனைக்கும் திறந்த வகை ஓட்டமே போதுமானது. முதுகில் நீளமாக ஓடும் குழாயின் அடுத்தடுத்த பகுதிகள்தான் அந்தப் பதின்மூன்று அறைகள். நம் நான்கு அறைகளோடு அந்த எண்ணை ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

இப்போது ஊசிக் கணவாயை எடுங்கள். உடலின் அடிப்பக்கத்தை நீளவாக்கில் கீறி விரித்தால் இருபுறமும் இறகு போல வெளிறிய இரண்டு செவுள்கள் தெரியும். ஒவ்வொரு செவுளின் அடியிலும் ஒரு சிறிய இதயம், நடுவே உடல் முழுக்கச் செலுத்தும் பெரிய இதயம் ஒன்று, ஆக மூன்று. நத்தை, சிப்பி போன்ற மெல்லுடலிகள் பெரும்பாலும் திறந்த வகை ஓட்டத்தோடு காலம் தள்ள, கணவாய் மட்டும் ரத்தம் குழாய்களுக்குள்ளேயே ஓடும் மூடிய வகைக்கு மாறிவிட்டது. அது விரட்டி வேட்டையாடும் விலங்கு. அதன் ரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு அடங்கிய ஹீமோசயனின் இருக்கிறது. ஆக்சிஜன் ஏறியதும் நீலமாகும். ஆக்சிஜனைச் சுமப்பதில் அது ஹீமோகுளோபின் அளவுக்குத் திறமையானதல்ல, அந்தக் குறையை ஈடுகட்டத்தான் செவுளுக்கென்று தனி இதயங்கள் என்று பார்த்தால் மூன்று என்ற எண் புரிந்துவிடும்.

மூடிய வகை ஓட்டம் என்ற கருத்து முழுமையடைந்தது ஒரு தவளையால்தான். ரத்தம் சுற்றி வருகிறது என்று ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628இல் எழுதியபோது, தமனியும் சிரையும் எங்கே இணைகின்றன என்பதைக் காட்ட அவரிடம் வழியில்லை. 1661இல் இத்தாலியின் மார்செல்லோ மால்பிஜி நுண்ணோக்கியில் தவளையின் நுரையீரலைப் பார்த்தார், இரண்டையும் இணைக்கும் தந்துகிகள் தெரிந்தன.

முதுகெலும்பிகளுக்குள் மீனின் இதயம் இரண்டு அறை. ரத்தம் ஒரு சுற்றுக்கு ஒருமுறைதான் இதயத்தைத் தொடுகிறது. செவுளின் நுண்குழாய்களைக் கடந்ததும் அழுத்தம் குறைந்துவிடும். ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 210 மி.லி. ஆக்சிஜன் உண்டு, அதே அளவு நீரில் 5 முதல் 7 மி.லி. கிடைத்தாலே அதிகம். அதனால் மீன் செவுளில் நீர் ஒரு திசையிலும் ரத்தம் எதிர்த்திசையிலும் ஓடுகின்றன, கடைசி வரை வாங்கிக்கொள்ள அதுதான் வழி. தவளைக்கு மூன்று அறை, பல்லிக்கும் பாம்புக்கும் பாதி தடுத்த மூன்று அறை, முதலைக்கும் பறவைக்கும் பாலூட்டிக்கும் நான்கு. பறவையும் பாலூட்டியும் நான்கு அறைக்குத் தனித்தனியாக வந்து சேர்ந்தவை. பறவையின் பெருந்தமனி வலப்பக்கம் வளைகிறது, நம்முடையது இடப்பக்கம்.

உரித்த கோழியில் நுரையீரலைத் தேடுங்கள். முதுகுப் பக்கம் விலா எலும்புகளுக்கு இடையே இளஞ்சிவப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும், பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். அது நம்முடையது போல விரிந்து சுருங்குவதில்லை. காற்றறைகள் துருத்தி போல இயங்கி அதன் வழியே காற்றை ஒரே திசையில் ஓட்டுகின்றன.

படி 6: கழிவு எந்த வடிவில் வெளியேறுகிறது?

உறுப்பின் பெயர்கள் சுலபம்: தட்டைப்புழுவில் சுடர் செல்கள், மண்புழுவில் நெஃப்ரீடியா, பூச்சியில் மால்பிஜியன் குழல்கள் (அதே மால்பிஜிதான்), இறாலில் உணர்கொம்பின் அடியில் இருக்கும் சுரப்பி, நம்மில் சிறுநீரகம். அதைவிட முக்கியம், கையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்ற கேள்வி.

அம்மோனியா நச்சு. அதை அப்படியே வெளியேற்ற நிறைய நீர் வேண்டும். நீரில் வாழும் இறாலுக்கும் பெரும்பாலான மீன்களுக்கும் அது செவுள் வழியாகவே போய்விடும். தலைப்பிரட்டையும் பெருமளவு அம்மோனியாதான் விடுகிறது. அதுவே தவளையாகி நிலத்துக்கு வந்ததும் யூரியாவுக்கு மாறுகிறது. இன்னும் சிக்கனம் வேண்டுமென்றால் யூரிக் அமிலம், ஏறக்குறைய நீரே இல்லாமல் பசையாக வெளியேற்றலாம். சுவரில் பல்லி எச்சத்தைப் பாருங்கள், கறுப்பின் ஒரு முனையில் வெள்ளை ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வெள்ளை யூரிக் அமிலம். காக்கை எச்சத்தின் வெள்ளையும் அதேதான். உறவில் வெகு தூரத்திலிருக்கும் பூச்சிகளிலும் பல இதே முடிவுக்குத்தான் வந்திருக்கின்றன.

சுறா மட்டும் யூரியாவை உடலிலேயே தேக்கி வைத்துக்கொள்கிறது, கடல்நீர் தன் உடல் நீரை இழுத்துவிடாமல் இருக்க. பிடித்து நேரமான சுறாவில் அம்மோனியா நெடி அடிப்பது அந்த யூரியா சிதைவதால்தான்.

படி 7: நரம்பு முதுகிலா, வயிற்றிலா?

இதற்குச் சமையலறையை விட நல்ல இடம் இல்லை. இறாலின் ஓட்டை உரித்து, முதுகில் கத்தியால் லேசாகக் கீறினால் ஒரு கறுப்பு இழை வரும். பலர் அதை நரம்பு என்றே சொல்வார்கள். அது குடல், கறுப்பாகத் தெரிவது உள்ளே இருக்கும் இரையும் கழிவும். உண்மையான நரம்பு வடம் எதிர்ப்பக்கம், வயிற்றோரம் ஓடுகிறது. இதயமோ தலைப்பகுதி ஓட்டுக்குள் முதுகுப் பக்கம்.

அடுத்து வஞ்சிரத் துண்டு ஒன்றை எடுங்கள். நடு முள்ளின் வட்டத்துக்கு மேலே சிறு துளையில் வெள்ளையாகத் தெரிவது தண்டுவடம். வால் பக்கத்துத் துண்டாக இருந்தால் வட்டத்துக்குக் கீழும் ஒரு துளை, அதில் கருஞ்சிவப்பாக ரத்தக்குழாய். குடல் அதற்கும் கீழே, இதயம் செவுளுக்கு அருகே அடிப்பக்கம். இறாலைத் தலைகீழாகப் புரட்டி மீனின் பக்கத்தில் வையுங்கள். நரம்பு மேலே, குடல் நடுவே, இதயம் கீழே என்று இரண்டும் ஒன்றாகிவிடும்.

1822இல் பாரிசில் விலங்கியலாளர் எத்தியேன் ஜொஃப்ராய் செந்திலேர் ஒரு பெரிய கடல் இறாலை அறுத்து இதைத்தான் செய்து காட்டினார். எல்லா விலங்குகளுக்கும் ஒரே அடிப்படைத் திட்டம்தான் என்பது அவர் வாதம். அவருடன் பணியாற்றிய ஜார்ஜ் குவியே இதை ஏற்கவில்லை. விலங்குகளுக்கு ஒன்றோடொன்று கலக்காத நான்கு திட்டங்கள் என்பது அவர் நிலை. கணவாய்களின் உடலை முதுகெலும்பியோடு பொருத்திக் காட்ட இருவர் எழுதிய கட்டுரை ஒன்றை முன்வைத்து, 1830இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் இருவரும் வெளிப்படையாக மோதினார்கள். அன்று குவியேயின் பக்கமே வலுவாகத் தெரிந்தது.

நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு மரபணுக்கள் பேசின. தவளைக் கருவின் முதுகுப் பக்கத்தில் வேலை செய்யும் கார்டின் என்ற புரதமும், பழ ஈயின் வயிற்றுப் பக்கத்தில் வேலை செய்யும் சாக் என்ற புரதமும் உறவுள்ளவை என்று 1990களில் தெரியவந்தது. ‘இங்கே நரம்பு உருவாகட்டும்’ என்று இடம் ஒதுக்குவதுதான் இரண்டின் வேலையும். ஈயின் புரதத்தைத் தவளைக் கருவில் கொடுத்தாலும் அது வேலை செய்தது. கணவாயைப் பொறுத்தவரை குவியேதான் சரி என்பேன், ஆனால் இறாலைப் புரட்டிய கை தவறு செய்யவில்லை.

மற்றவற்றை வேகமாகக் குறித்துக்கொள்ளலாம். கடற்பஞ்சுக்கு நரம்பே இல்லை. ஜெல்லி மீனுக்கு மையமில்லாத நரம்பு வலை. பிளனேரியாவுக்கு ஏணி வடிவம். மண்புழு, கரப்பான் இரண்டுக்கும் வயிற்றுப்புற வடம். கரப்பானின் நரம்பு முடிச்சுகள் உடல் நெடுக இருப்பதால்தான் தலை போன பிறகும் அது சில நாள் உயிரோடிருக்கிறது.

படி 8: ஒரே பெயர், ஒரே உறுப்புதானா?

கட்டம் நிரம்பியதும் ஒரு வரிசையில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். மண்புழுவுக்கு அரைவைப்பை, கரப்பானுக்கு அரைவைப்பை, கோழிக்கும் அரைவைப்பை. கரப்பானுடையதில் கைட்டினால் (பூச்சியின் ஓட்டுப் பொருள்) ஆன ஆறு பற்கள் உண்டு, அது புற அடுக்கு உள்மடிந்து உருவான முன்குடலின் பகுதி. கோழியுடையது இரைப்பையின் தடித்த தசைப்பகுதி, விழுங்கிய கற்களால் அரைக்கிறது. வேலை ஒன்று, பிறப்பு வேறு. இவை செயல் ஒத்த உறுப்புகள். கோழியின் இறக்கையும் நம் கையும் வேலையில் வேறு, எலும்பு வரிசையில் ஒன்று. அவை அமைப்பு ஒத்தவை.

கண் இதில் தனி இடம் பெறும். கணவாயின் கண் நம் கண்ணைப் போலவே லென்சும் விழித்திரையும் கொண்டது, ஆனால் நரம்பிழைகள் விழித்திரைக்குப் பின்புறமாகப் போவதால் குருட்டுப் புள்ளி இல்லை. எனவே தனியாக உருவானது என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் 1995இல் பாசெல் நகரில் வால்டர் கேரிங் குழுவினர், எலியின் கண் உருவாக்கத்துக்கான பாக்ஸ்6 மரபணுவைப் பழ ஈயின் வேறு உறுப்புகளில் இயக்கினார்கள். அங்கே கண் முளைத்தது, எலியின் கண் அல்ல, ஈயின் கூட்டுக்கண். கண்கள் தனித்தனியாகக் கட்டப்பட்டவை, கட்டச் சொல்லும் மரபணு பழைய பொதுச் சொத்து. அதனால் கண்ணுக்கான பெட்டிகளை ஒரே நிறத்தில் நிரப்பாதீர்கள், பாதி பாதியாகப் பிரித்து எழுதுங்கள்.

படி 9: குழப்பம் வந்தால் இளம் பருவத்தைப் பாருங்கள்

படகின் அடியில் ஒட்டியிருக்கும் கொட்டலசையைச் சிப்பி இனம் என்றே குவியேயும் வகைப்படுத்தினார். ஓடு, ஒட்டி வாழ்வது எல்லாம் அப்படித்தான் காட்டின. 1830இல் ஜான் வாகன் தாம்சன் அதன் நீந்தும் இளம் உயிரியைப் பின்தொடர்ந்து, அது இறால், நண்டு கூட்டத்தைச் சேர்ந்தது என்று காட்டினார்.

கடல் பீச்சிகள் இன்னும் விசித்திரம். வளர்ந்தவை பாறையில் ஒட்டிய தோல்பை போல இருக்கும், நீரை உறிஞ்சிப் பீய்ச்சும். அதன் இளம் உயிரி தலைப்பிரட்டை போல வாலோடு நீந்தும். வாலில் முதுகுநாண் என்ற வளையும் தண்டு, மேலே குழல் வடிவ நரம்பு வடம். ஆகவே அது நம் தொகுதி.

ஒதுக்கி வைத்த நட்சத்திர மீனுக்கு இப்போது வரலாம். ஐந்து கை, தலை இல்லை, மூளை இல்லை, நீர்க்குழாய் மண்டலத்தின் அழுத்தத்தால் இயங்கும் நூற்றுக்கணக்கான குழாய்க் கால்கள். பார்த்தால் ஜெல்லி மீனுக்குப் பக்கத்தில் வைக்கத் தோன்றும். அதன் இளம் உயிரி இருபக்கச் சமச்சீர் கொண்டது, மூன்று அடுக்குகளும் உண்மை உடற்குழியும் உண்டு. கருவில் முதலில் உருவாகும் துளை மண்புழு, நத்தை போன்றவற்றில் பெரும்பாலும் வாயின் பக்கம் போகிறது, நட்சத்திர மீனிலும் நம்மிலும் அது ஆசனவாயின் பக்கம் போகிறது, வாய் பிறகு தனியாகத் திறக்கிறது. எனவே கட்டத்தில் முட்தோலிகளின் இடம் முதுகுநாணிகளுக்கு அடுத்தது, கரப்பானும் கணவாயும் அதைவிட நமக்குத் தள்ளி நிற்பவை. மன்னார் வளைகுடாவின் கடல் அட்டை, பெயரில் அட்டையாக இருந்தாலும், ஆசனவாய் வழியாக நீரை உள்ளிழுத்து மரம் போல் கிளைத்த உறுப்பில் சுவாசிக்கும் முட்தோலி. கட்டத்தில் அதை எழுதும் நெடுவரிசையும் நட்சத்திர மீனுக்குப் பக்கத்தில்தான்.